நன்றியுரை வரை காத்திருக்கும் செம்மண்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பூங்கா மேம்பாட்டுக் குழுத் தலைவர், என் முப்பதாண்டு நண்பர், பண்பாளர் ஜானகிராமன் அவர்களே! முன்வரிசையில் விசிறியும் கையுமாய் வீற்றிருக்கும் ஆன்றோரே, அருமைப் பெரியோரே! இதே மர நிழலில் மணல் விரித்து, இரும்புக் குண்டு உருட்டி, ‘நோன் முசியே, இல்லை ஐயா, இது என் ஆட்டம்’ என்று சண்டை போட்டே நட்பு வளர்க்கும் பிரெஞ்சு அரசிடம் பென்ஷன் வாங்கும் பெருந்தகைகளே! அடுப்பை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, ஒன்றரை மணி நேரமாக அசையாமல் அமர்ந்திருக்கும் அன்னையரே! உப்பளத்து உறவுகளே! அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி வந்திருக்கும் அன்பர்களே! கடைசி வரிசையில், நாற்காலி இருந்தும் உட்காராமல், தோளில் துண்டோடு நிற்கும் மேஸ்திரி கொளஞ்சி அவர்களே!

இன்னும் ஒருவரையும் விட மாட்டேன். பூங்கா வாசலில் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் ஐந்து டிப்பர் லாரிகளின் ஓட்டுநர் தம்பிகளே! இதுவரை பேசிய பதினொரு பேரில் ஒருவரும் உங்களை விளிக்கவில்லை. நான் விளிக்கிறேன். இன்றைய விழாவின் சிறப்பு விருந்தினர்கள் நீங்கள்தான். அனைவருக்கும் இந்தச் சவரிராயனின் தலை தாழ்ந்த வணக்கம்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து. இன்று எனக்குக் கைதட்டல் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அழைப்பிதழைப் பார்த்தீர்களா? தங்க நிற எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ‘சொல்லருவி சவரிராயன் திறந்தவெளி மேடை, அடிக்கல் நாட்டு விழா.’ எங்கே எழப்போகிறது அந்த மேடை? இதோ, என் வலக்கைப் பக்கம், பதினைந்தடி தள்ளி, படியில்லாத குளத்தைப்போல் ஒரு சிமெண்டுக் குழி கிடக்கிறதே, அதன்மேல். குழியை ஐந்து லோடு செம்மண்ணால் மூடி, மண்ணை இடித்து, அதன்மேல் என் பெயரில் மேடை. நிகழ்ச்சி நிரலில் கடைசி இரண்டு வரிகள்: ஏற்புரை, நன்றியுரை. நேரம் போதாது என்று இரண்டையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். நன்றி சொல்லி முடித்ததும் மண் விழும். அதுதான் ஏற்பாடு.

அந்தக் குழி என்ன குழி? புதிதாய் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது குப்பைக் குழி அன்று. கொசுக் குழி அன்று. அது சறுக்குப் பலகைத் திடல்; சக்கரம் வைத்த பலகையில் ஏறி நின்று பிள்ளைகள் சறுக்கும் இடம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக, அறுபது வயது மரங்கள் நிற்கும் இந்தப் பழைய பூங்காவுக்குள், நான் வரைந்து, நான் வாதாடி, நானே கெடுத்த திடல்.

என்னை உங்களுக்கு மேடையில்தான் தெரியும். என் பிழைப்பு வேறு. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போட்டவன் நான். சுவர் போட்டேன், கூரை போட்டேன், கழிவறை போட்டேன். எல்லாம் நேர்கோடு. ஓய்வு பெற்ற பிறகு, மாலையானால் கடற்கரைச் சாலையில் நடப்பேன். அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஜாஸ்லின். அரியாங்குப்பத்துத் தையற்காரம்மா லூர்துசெல்வியின் மகள். அப்போது பதின்மூன்று வயது. பிரான்சில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய சறுக்குப் பலகை ஒன்று காலடியில். நடப்பவர்களுக்கு நடுவே நழுவி நழுவிப் போவாள். யாரையும் இடிக்க மாட்டாள். ஆனாலும் போலீஸ்காரர்கள் விசில் ஊதுவார்கள். ஓடு, ஓடு என்று விரட்டுவார்கள். சாலைக்கு ஓடினால் பேருந்து. பூங்காவுக்கு ஓடினால் ‘புல்லில் ஏறாதே’ பலகை. எங்கே போகும் இந்தப் பிள்ளைகள்? நடக்கத் தளம் உண்டு, குண்டு உருட்ட மணல் உண்டு, அரசியல் பேச ஐம்பது பெஞ்சு உண்டு. ஓட நினைக்கும் ஒரு வயதுக்கு இந்த நகரத்தில் ஒரு சாண் இடம் உண்டா?

அன்றைக்கு எனக்குள் ஓர் ஆசை விழுந்தது. கேட்டேன் அவளிடம், ‘எப்படி இருக்கணும்மா உங்களுக்கு ஒரு இடம்?’ என்று. இந்தப் பூங்காவுக்கு அழைத்து வந்தாள். தோட்டக்காரரின் ரப்பர் குழாயை எடுத்து, இதோ இந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்குப் பக்கத்தில், புல்லின்மேல் வளைத்து வளைத்துப் போட்டாள்.

‘தண்ணி இல்லாத நீச்சல் குளம் மாரி இருக்கணும் ஐயா. ஆனா மூலையே வரக் கூடாது. மூல வந்துட்டா பலக நின்னுடும். ஒரு பக்கம் எறங்குனா அந்த வேகத்துலயே மறுபக்கம் ஏறணும். நாம மெதிக்கவே கூடாது, தானா போவணும்.’

தானாய்ப் போக வேண்டும்! நான் வளைவைக் கற்றது அவளிடம்தான். எவ்வளவு சரிவு, எவ்வளவு ஆழம், முகட்டில் ஏன் இரும்புக் குழாய், எல்லாம் அவள் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். ஒன்பது முறை வரைந்தேன் அய்யா, ஒன்பது முறை! முதல் வரைபடத்தில் மரத்தின் வேர் அறுபடும் என்று தெரிந்தது; குழியைத் தள்ளி வைத்தேன். இரண்டாவதில் காலை நடையாளர்களின் பாதை குறுக்கிட்டது, குழியை ஒடுக்கினேன். மூன்றாவதில் குண்டு உருட்டும் பெரியவர்கள் கோபித்தார்கள். அவர்கள் வீடு வீடாய்ப் போய்க் காபி குடித்தேன். கடைசியில் தங்கள் மணல் பட்டையில் பாதியைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தாய்மார்கள் சொன்னார்கள், ‘பெஞ்சுல உக்காந்தா புள்ள கண்ணுக்குத் தெரியணும்’ என்று. பெஞ்சுப் பக்கத்துக் கரையைத் தாழ்த்தினேன். ஒன்பது வரைபடத்திலும் மாறாதது அந்த ரப்பர் குழாயின் வளைவு ஒன்றுதான்.

வரைந்தால் போதுமா? பேச வேண்டாமா? பேசினேன். நகரமெங்கும் பேசினேன். நலச் சங்கத்தில் பேசினேன், மாதா கோவில் முற்றத்தில் பேசினேன், கருவடிக்குப்பத்துத் திருமண மண்டபத்தில் பேசினேன். நாற்பது கூட்டம். ‘சறுக்குகிறவன்தான் சமநிலை கற்கிறான்’ என்று முழங்கினேன். மண்டபம் அதிர்ந்தது. பாண்டிச்சேரி என்ற பெயர் புதுச்சேரி என்று மாறிய அந்த ஆண்டு, அனுமதியும் வந்தது.

இப்போது பாருங்கள், நான் எப்படிக் கெட்டேன் என்று.

சிமெண்டு கொட்டும் நாள் வந்தது. விடியும்போதே கொளஞ்சி மேஸ்திரி தன் ஆட்களோடு இறங்கிவிட்டார். விழுப்புரம் பக்கத்து உழவுக் குடும்பம். அவர் கை பட்டால் தரையில் முகம் பார்க்கலாம். சரிவான இடத்தில் சிமெண்டு கொட்டினால், அது இறுகத் தொடங்கும் அந்த ஓரிரண்டு மணி நேரத்துக்குள் கரணையால் தேய்த்துத் தேய்த்து வழுவழுவென்று முடிக்க வேண்டும். அந்த நேரத்தை விட்டால் விட்டதுதான். நான் குழியின் கரையிலேயே நிற்பதாகத்தான் இருந்தது. ஆனால் அன்று காலை பத்து மணிக்கு எனக்குப் பாராட்டு விழா.

ஆம்! ‘பூங்காவுக்குப் புதுவாழ்வு தந்த பேச்சாளருக்கு’ப் பாராட்டு விழா. கார் வந்து நின்றது. நான் சட்டையை மாற்றிக்கொண்டு, குழிக்குள் எட்டிப் பார்த்து, ‘கொளஞ்சி, நல்லா முடிச்சுடு, ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்’ என்றேன். ‘நீங்க போய்ட்டு வாங்க சார், நா பாத்துக்குறேன்’ என்றார் அவர்.

மேடையில் பதினான்கு பேர் பேசினார்கள். பாராட்டப்படுபவன்தான் கடைசியில் பேச வேண்டும். அதற்கு முன் எழக் கூடாது. எழுந்தால் அவமதிப்பு. நமக்குத் தெரியாத மரபா? இருபத்து மூன்று பொன்னாடைகள். ஒவ்வொரு ஆடை விழும்போதும் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டரைக்கு ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. அந்த நொடியில் என்ன செய்திருக்க வேண்டும் நான்? ‘நன்றி, வணக்கம், என் சிமெண்டு காய்கிறது’ என்று சொல்லிவிட்டு ஓடியிருக்க வேண்டாமா?

ஓடவில்லை. பேசினேன். எழுபது நிமிடம் பேசினேன். ஒரு வாக்கியம் முடித்தேன், கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் அடுத்த வாக்கியம் வந்தது. எனக்குக் குழி மறந்தது, கொளஞ்சி மறந்தது, கடிகாரம் மறந்தது. சிமெண்டுக்குச் சொற்பொழிவு கேட்கத் தெரியாது தோழர்களே. அது தன்பாட்டுக்கு இறுகிக்கொண்டிருந்தது.

இரண்டரை மணிக்கு வந்து பார்த்தேன். குழி முழுக்கக் கோடு. தேங்காய்நார்க் கயிற்றை இழுத்துப் பிடித்து, அரையடிக்கு ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாய், ஈரச் சிமெண்டில் அழுத்தியிருந்தார் கொளஞ்சி. நம் வீட்டு வாசல் சரிவுகளில், மோட்டார் சைக்கிள் ஏற்றும் இடத்தில் போடுவோமே, அந்தக் கட்டம். என்ன அழகு! என்ன ஒழுங்கு! ஒரு கோடு பிசகவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

‘என்னா சார் ஆச்சு? சரிவா இருக்கேன்னு, புள்ளைங்க வழுக்கி உழுந்துடக் கூடாதுன்னுதான சார் போட்டேன்? சித்தாளுங்கள எல்லாம் நிறுத்தி, சாப்பாட்டுக்குக்கூட போவாம போட்டோம் சார்.’

வழுக்கி விழக் கூடாது என்று போட்டார்! வழுக்கத்தான் அந்தக் குழியே! சின்னஞ்சிறு சக்கரம் அந்தக் கோட்டில் விழுந்தால் நின்றுவிடும்; ஆள் பறந்துவிடுவார். இது அவருக்குத் தெரியுமா? யார் சொன்னார்கள்? ‘மேற்பரப்பு வழுவழுப்பாக’ என்று வரைபடத்தின் மூலையில் எழுதியிருந்தேன், ஆங்கிலத்தில். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நாற்பது கூட்டத்தில், நாலாயிரம் பேரிடம், அந்தக் குழி எதற்கு என்று விளக்கினேன். அதைக் கட்டிய ஒரே மனிதரிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சொல்லவில்லை. கொளஞ்சி, இந்தக் கூட்டத்தின் முன்னால் சொல்கிறேன். பிழை உங்களுடையது அல்ல. நீங்கள் பிள்ளைகளை நினைத்தீர்கள். நான் என் பேச்சை நினைத்தேன்.

பாருங்கள், கைதட்டுகிறீர்கள்! இதற்கா கைதட்டுவது?

இன்னும் கேளுங்கள். மேலே மெல்லிய பூச்சு ஒன்று போட்டுப் பார்த்தோம். முதல் மழையிலேயே அப்பளமாய் உரிந்தது. உடைத்துத் திரும்பக் கொட்ட வேண்டும் என்றேன். ‘திறப்பு விழாவுக்குத் தேதி கொடுத்தாச்சே சவரி, விழா முடியட்டும்’ என்றார் தலைவர். ஆமாம் என்றேன். ஆமாம் என்றவனும் நான்தான்!

திறப்பு விழா அன்று இதே இடத்தில் இதே பந்தல். ஜாஸ்லின் சறுக்கிக் காட்டுவாள் என்று அறிவித்தாகிவிட்டது. அவள் குழியைக் குனிந்து பார்த்தாள். கோட்டில் விரலை வைத்து இழுத்தாள். என்னிடம் வந்து காதோடு சொன்னாள்.

‘ஐயா, இதுல சக்கரம் மாட்டிக்கும். நா போவல.’

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கையில் ஒலிவாங்கி இருந்தது. எதிரே எண்ணூறு பேர். ‘ஒரே ஒரு தடவ போம்மா, எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க’ என்றேன்.

போனாள். என் சொல்லை மதித்துப் போனாள். மூன்றாவது கோட்டில் சக்கரம் நின்றது. எலும்பு முறிந்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. இடது முழங்கை. இரண்டு முறை அறுவை செய்தார்கள். இன்றுவரை அந்தக் கை முழுதாய் நீளவில்லை. லூர்துசெல்வி அம்மா என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். மருத்துவமனை வராந்தாவில் அவர் சொன்னது இவ்வளவுதான்: ‘அவ போவலன்னு சொன்னாளாமே சார்.’ அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ‘ஆபத்துக் குழி’ என்று மனு. ‘கொசுக் குழி’ என்று மனு. உடைத்துத் திரும்பக் கட்டலாமா என்று ஆராய ஒரு துணைக்குழு. அது இரண்டு முறை கூடி, இரண்டு முறையும் எனக்கு வணக்கம் சொல்லிக் கலைந்தது. நான் திரும்பப் பேசலாம் என்று எழுந்தேன். எழுந்த இடமெல்லாம் கைதட்டினார்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். என் சொல் இந்த ஊரில் ஒரு கல்லைக்கூட அசைக்காது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் ஒன்று உங்களில் பலருக்குத் தெரியாது. குழியின் அடியில், ஒன்றரை கஜ அகலத்துக்கு, கோடு இல்லாத தடம் ஒன்று இருக்கிறது. மழைத் தண்ணீர் தங்காமல் வடிய வேண்டும் என்று அந்த இடத்தை மட்டும் கொளஞ்சி கயிறு போடாமல் விட்டிருந்தார். அதில் முகம் பார்க்கலாம். கை கட்டு அவிழ்த்த மறு மாதம் ஜாஸ்லின் அங்கே இறங்கினாள். ஏற முடியாது, இறங்க முடியாது. போகலாம், வரலாம், அவ்வளவுதான். அவளைப் பார்த்து இன்னும் ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு ஆண்டுகளாக, வரிசையில் நின்று, ஆளுக்கு ஐந்து முறை என்று முறை வைத்து, அந்தத் தடத்தில் போய் வருகிறார்கள். நான் அவர்களுக்குக் கடல் தருகிறேன் என்றேன். அவர்களுக்குக் கிடைத்தது வாய்க்கால். அதையும் இன்று மூடப்போகிறோம். மூடி, மேலே மேடை போட்டு, அதற்கு என் பெயர்!

வேறு பெயரா கிடைக்கவில்லை தலைவரே? இந்த ஊரில் மேடைக்கா பஞ்சம்? ஏறிப் பேச ஆயிரம் இடம் இருக்கிறது. உருண்டு போக ஒரே இடம்தான் இருந்தது.

ஒரு நிமிடம் அமைதியாக இருங்கள். அந்த மின்விசிறியை நிறுத்துங்கள். கேட்கிறதா?

கேட்கிறதா, குழிக்குள்ளிருந்து? கடகடவென்று ஒரு சத்தம், நிற்கிறது, திரும்புகிறது, மறுபடி கடகட. அது ஜாஸ்லினும் அந்த ஒன்பது பிள்ளைகளும். நான் பேச வந்ததிலிருந்து முறை வைத்துப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். பெஞ்சுப் பக்கத்துத் தாழ்ந்த கரையில் லூர்துசெல்வி அம்மா உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நான் தாழ்த்திய கரை. அது ஒன்றாவது பயன்பட்டது.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘நேரம் கருதிச் சுருக்கவும்.’ இரண்டாவது சீட்டு இது. ஜானகிராமன், என் நண்பரே, முப்பது ஆண்டுகளில் உங்கள் சீட்டை நான் ஒருமுறையும் மதித்ததில்லை. இன்று மட்டும் ஏன் மதிக்க வேண்டும்? நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விழாவில் நன்றியுரை முடியும்வரை ஒரு செங்கல்லும் அசையக் கூடாது. அன்றைக்கு நான் பேசப் பேச ஒரு குழி கெட்டது. இன்றைக்கு நான் பேசப் பேசத்தான் அது இருக்கிறது. நான் வாய் மூடினால் மண். அதனால்தான் தோழர்களே, இத்தனை நேரமாய் இழுக்கிறேன். தாய்மார்களே, மன்னியுங்கள். கையெடுத்துக் கேட்கிறேன், இந்தக் கூட்டத்தில் ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து ‘மண் வேண்டாம்’ என்று சொல்ல மாட்டீர்களா? கைதட்ட வேண்டாம். எழுந்து நிற்க மாட்டீர்களா?

கொளஞ்சி, நீங்கள் முதலிலிருந்தே நின்றுகொண்டுதான் இருக்கிறீர்கள். உங்களைத் தவிர?

ஒருவருமில்லை.

சரி. உங்களைக் குறை சொல்லவில்லை. கைதட்ட மட்டும் உங்களைப் பழக்கியவன் நான்தானே?

சத்தம் நின்றுவிட்டது. அதோ, ஜாஸ்லின் ஏறி வருகிறாள், பின்னால் மற்றப் பிள்ளைகள். பலகையை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நீளாத அந்தக் கையை எனக்காகத் தூக்குகிறாள். என்னம்மா? இங்கே கேட்கவில்லை. உரக்கச் சொல்.

‘போதும் ஐயா’ என்கிறாள். ‘எறங்குங்க. பசங்க எல்லாருக்கும் அஞ்சஞ்சு தடவ ஆயிடுச்சு’ என்கிறாள்.

அன்று ‘போவல’ என்று அவள் சொன்னபோது நான் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன்.

இந்தப் பொன்னாடையை எடுத்துக்கொள்ளுங்கள். என் பெயரை அந்தக் கல்லிலிருந்து எடுத்துவிடுங்கள். இனி எந்த மேடையிலும் சவரிராயன் ஏற மாட்டான். பொறுத்திருந்து கேட்ட பெரியோர்க்கு நன்றி. பாதி மணலை விட்டுக்கொடுத்த பென்ஷன் ஐயாக்களுக்கு நன்றி, மெர்சி. தண்ணீருக்கென்று ஒன்றரை கஜம் விட்டுவைத்த கொளஞ்சிக்கு நன்றி. இரண்டு ஆண்டுகள் அந்த ஒன்றரை கஜத்தில் போய் வந்த பத்துப் பிள்ளைகளுக்கும் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

ஓட்டுநர் தம்பிகளே, பிள்ளைகள் மேலே ஏறிவிட்டார்கள். வண்டியை எடுக்கலாம்.